கண்ணாடியில் மலர்ந்த பூக்கள்

தாவரவியல் வகுப்பில் நாம் செம்பருத்திப் பூவைப் பிரித்து, புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள், சூலகம் என்று ஏட்டில் வரைகிறோம். மணி அடிப்பதற்குள் பூ வாடிவிடுகிறது. புத்தகத்தின் நடுவே வைத்து அழுத்தினாலோ நிறம் மங்கித் தட்டையாகி விடுகிறது. வாடாத பூ ஒன்று கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் குடேலுக்கும் இதே குறை இருந்தது. அவர் ஊரில் குளிர்காலம் வந்தால் மாணவர்களுக்குக் காட்டப் பூவே கிடைக்காது. அவருடைய குறையைத் தீர்த்தவர்கள், தம் வீட்டிலேயே அமர்ந்து பணி செய்த ஒரு தந்தையும் மகனும் ஆவர்.

தந்தை லியோபோல்ட் பிளாஷ்கா 1822இல் பொஹீமியாவில், தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். மகன் ருடால்ஃப் 1857இல் பிறந்தார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குடியேறிய இவர்கள், கடல் உயிரினங்களைக் கண்ணாடியில் செய்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பி வந்தனர். அவற்றைக் கண்டு வியந்த குடேல், 1886இல் அவர்கள் வீட்டையே தேடிச் சென்று, பூக்கள் செய்து தருமாறு வேண்டினார். முதலில் அனுப்பிய பூக்களில் பல, நியூயார்க் சுங்கச் சோதனையில் உடைந்தன. உடைந்த துண்டுகளின் அழகே போதுமானதாக இருந்தது! குடேலின் மாணவி மேரி வேரும் அவர் தாயாரும் பணம் கொடுக்க முன்வந்தனர். 1890 முதல் தந்தையும் மகனும் தம் நேரம் முழுவதையும் இப்பணிக்கே அளித்தனர்.

அவர்களது வேலை எப்படி நடந்தது? பெரிய உலைக்களம் எதுவும் இல்லை. ஒரு மர மேசை, அதன் மேல் ஒரு விளக்கு, காலால் மிதிக்கும் துருத்தி, சில சாமணங்கள், கண்ணாடிக் குச்சிகள், குழாய்கள் ஆகியவையே அவர்களது கருவிகள். துருத்தியின் காற்றால் சுடர் கூர்மையாகும். அதில் காட்டிய கண்ணாடி தேன்போல் இளகும். இறுகுவதற்குள் அதை இழுத்து, கிள்ளி, வளைத்து இதழாக்க வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விட்டுவிடும். இவ்வாறு செய்த உறுப்புகளைச் சுடரிலோ பசையாலோ இணைப்பர். தண்டுகளுக்குள் பல இடங்களில் கம்பி வைப்பர். கடைசியில் வண்ணம் தீட்டுவர். பிற்காலத்தில் ருடால்ஃப், வண்ணக் கண்ணாடியைப் பொடியாக்கி மேலே உருக்கிப் பூசும் முறையையும் கையாண்டார்.

ஆனால் சுடர் முன் அமர்வதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடும். அமெரிக்கச் செடிகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து, நாள்தோறும் உற்று நோக்கினர். 1892இல் ருடால்ஃப் ஜமைக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, செடிகளை வரைந்து, நிறங்களைக் குறித்துக்கொண்டு திரும்பினார். நமக்குத் தெரிந்த வாழையும் முந்திரியும்கூட அவர்கள் கையில் கண்ணாடியாயின.

"ஏதோ இரகசிய எந்திரம் வைத்திருக்கிறார்கள்" என்று பலர் எண்ணினர். அப்படி ஒன்றும் இல்லை என்று லியோபோல்ட் 1889இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். கைத்திறன் தலைமுறைதோறும் வளர்ந்து வந்தது என்பதே அவர் சொன்ன விடை.

1895இல், மகன் அமெரிக்காவில் இருந்தபோது தந்தை மறைந்தார். அதன்பின் ருடால்ஃப் தனியாகவே 1936 வரை உழைத்தார். அழுகல் நோய் கண்ட பழங்களைக்கூட அழகு குறையாமல் செய்தார்! இருவரும் செய்த ஏறத்தாழ 4,300 உருவங்கள், 780 வகைத் தாவரங்களைக் காட்டுகின்றன. இன்றும் அவற்றை ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் காணலாம்.

ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை, சீடரும் இல்லை. 1939இல் அவரோடு அந்தக் குடும்பத்தின் கலையும் முடிந்தது. செய்முறையை ஏட்டில் எழுதலாம். விரல்களின் பழக்கத்தை எழுதி வைக்க இயலுமா? அதை ஒருவர் அருகில் அமர்ந்தே மற்றவர் கற்க வேண்டும். பூக்கள் நிலைத்தன, அவற்றைப் பூக்க வைத்த கைகளுக்கு வாரிசு இல்லாமற் போயிற்று.

தோழியரே, அடுத்த முறை ஆய்வகத்தில் பூவைக் கையில் எடுக்கும்போது, பென்சிலை எடுக்குமுன் சற்று நேரம் அதை உற்றுப் பார்ப்போம். கைவேலை அறிந்த பெரியோர் நம் அருகில் இருந்தால், இன்றே அவர்கள் பக்கத்தில் அமர்வோம்.