இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வெளிநாட்டில் பிழைக்கலாமா? கடலூர், சிதம்பரம் பட்டதாரிகள் பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

பி.ஏ. ஆங்கிலம் முடிச்சாச்சு, பி.எட்.டும் கையில இருக்கு. ஆனா உள்ளூர் தனியார் பள்ளியில கொடுக்கிற சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போகுது. இந்த நிலையில, "120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ் முடிச்சா தாய்லாந்து, வியட்நாம்ல டீச்சர் வேலை" என்று ஒரு ரீல்ஸ் வந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அங்கே வேலை இருப்பது உண்மை. ஆனால் அது உங்களுக்குக் கிடைக்குமா என்பதை உங்கள் ஆங்கிலத்துக்கு முன்பாக பாஸ்போர்ட்டும் பட்டச் சான்றிதழும் முடிவு செய்கின்றன.

எந்த நாட்டில் என்ன விதி?

தென் கொரியா: ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டினருக்குத்தான். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு வழி திறந்தது. அதுவும் பள்ளிகளில் துணை ஆசிரியர் வேலைக்கு மட்டும். பட்டத்தோடு ஆசிரியர் தகுதியும் வேண்டும். தனியார் டியூஷன் சென்டர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

ஜப்பான்: பள்ளியில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு, அந்த மொழி வழியிலேயே 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் பிளஸ் 2 வரை படித்தவர்களுக்கு இது பெரிய தடை.

தாய்லாந்து: 'நான்-இமிகிரன்ட் பி' விசா, ஒர்க் பெர்மிட், பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் கவுன்சிலின் உரிமம் அல்லது தற்காலிக அனுமதி ஆகியவை தேவை. இங்கே பி.எட். கைகொடுக்கும்.

மாலத்தீவு: பள்ளிகளே ஆங்கில வழி என்பதால் இந்திய ஆசிரியர்களுக்குப் பழகிய இடம். ஆனால் சம்பளம் ருஃபியாவில் வந்தால், அதை டாலராக்கி ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

சர்டிபிகேட் செல்லுமா?

பட்டச் சான்றிதழை மாநில உயர்கல்வித் துறை சரிபார்த்த பிறகு, வெளியுறவு அமைச்சகம் 'அபோஸ்டில்' முத்திரை இடும். இந்த முத்திரைக்காக டெல்லி போக வேண்டியதில்லை. சென்னையிலும் வசதி உண்டு. அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அதன் தூதரகச் சான்றும் வேண்டும்.

பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் என்றும் பாருங்கள். கடலூர் பெரியார் கல்லூரி இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது; அதற்கு முன் படித்தவர்களுக்குப் பட்டம் தந்தது வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம். உண்மைத்தன்மைச் சான்று கேட்டால் அங்கேதான் போக வேண்டும்.

தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று யுஜிசி 2022 மார்ச்சில் அறிவித்தது. அதன் பிறகு சேர்ந்தவர்கள், தாங்கள் சேர்ந்த ஆண்டுக்கும் பாடத்துக்கும் அங்கீகாரம் உண்டா என்று யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு அடுத்த அடி வைப்பது நல்லது.

"டூரிஸ்ட் விசாவுல வாங்க, அங்க மாத்திக்கலாம்"

இப்படி யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவில் பாடம் எடுத்துப் பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல் எல்லாம் உங்களுக்குத்தான். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலையில் தள்ளப்பட்டார்கள். பிறகு அவர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் அதே வலையை விரிக்க முடியும்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் சந்தேகப்படுங்கள். சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

கையில் என்ன மிஞ்சும்?

சம்பளத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒப்பந்தம் 10 மாதமா, 12 மாதமா? பள்ளி விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? வீட்டு வாடகை, அட்வான்ஸ், விசா செலவு, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க 2, 3 மாதச் செலவுக்கான பணத்தோடு கிளம்புங்கள்.

பலர் முதலில் ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள், பிறகுதான் நாட்டைத் தேடுகிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் நாடு, அடுத்து அந்த நாட்டின் விசா விதி, பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு. கோர்ஸ் தேவையா என்பது அதற்கப்புறம் தானாகத் தெரிந்துவிடும். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் என்றால், இந்த வரிசையை மீறவே கூடாது.