படவில்லையில் சுழலும் சந்திரன்

மாதந்தோறும் பிறை பார்க்கும் நம்மில் பலரிடம், "பிறை ஏன் வளர்ந்து தேய்கிறது?" என்று கேட்டால், "புவியின் நிழல் விழுவதால்" என்றே பதில் வரும். அது தவறு. சந்திரனின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கிறது. அப்பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அவ்வளவே நமக்குத் தெரிகிறது. புவியின் நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம்.

கரும்பலகையில் மூன்று வட்டங்களை ஒரே கோட்டில் வரையும்போது, ஒவ்வொரு போயா தினத்திலும் கிரகணம் வரவேண்டும் போலத் தோன்றும். உண்மையில் சந்திரனின் பாதை, புவியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. அதனால் முழுநிலா பெரும்பாலும் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிறது. இச்சாய்வை விளக்க முப்பரிமாண அசைவூட்டம் பெரிதும் உதவும்.

இதற்கு பிளெண்டர் என்னும் இலவச மென்பொருள் போதும். இரு கோளங்களை அமைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி பாய்ச்ச வேண்டும். புவியின் மையத்தில், ஒளி வரும் பக்கமாக 5 பாகை சாய்ந்த அச்சொன்றை வைத்து, சந்திரனை அதனுடன் பிணைத்துச் சுழற்ற வேண்டும். தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் நாம் குறித்தால், இடைப்பட்ட சட்டகங்களைக் கணினியே நிரப்பும். விநாடிக்கு 24 சட்டகங்கள் எனில், 10 விநாடிக்கு 240 சட்டகங்கள். வேகத்தை 'லீனியர்' என மாற்ற மறக்கக்கூடாது. இல்லையேல் சந்திரன் மெதுவாகப் புறப்பட்டு, இடையில் விரைந்து, மெதுவாக நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புவிக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 30 புவி விட்டங்கள். படவில்லையில் அடங்கட்டும் என்று சந்திரனை மிக அருகில் வைத்தால், 5 பாகைச் சாய்வு இருந்தும் அது நிழலுக்குள் போய்விடும். திருத்த வந்த தவறையே நாம் மீண்டும் கற்பித்தவர்களாவோம். கோளங்களைச் சிறிதாக்குங்கள், அல்லது சாய்வைக் கூட்டி, "அளவுத்திட்டப்படி அன்று" என்று அடியில் எழுதுங்கள்.

பவர்பொயின்ட் 2019 முதலான பதிப்புகளில் ஜிஎல்பி வகை முப்பரிமாண உருவையே செருகலாம். ஆனால் பழைய பதிப்பில் அது அசையாப் படமாகிவிடும். ஒளியும் நிழலுமே முக்கியமான இப்பாடத்துக்கு எம்.பி.4 வீடியோவாகச் சேமித்துச் செருகுவதே நல்லது.

வகுப்பில் காட்டுமுன் ஒரு தடவை ஓடவிட்டு, முழுநிலாவின்போது சந்திரன் இருளடைகிறதா என்று பாருங்கள். அசையும் படத்தைப் பார்ப்பவர் எளிதில் நம்பிவிடுவார். சரிபார்ப்பது நம் பொறுப்பு.