எல்லாமே ‘விடுதலை’தானா? அக்விட்டல், கம்யூட், ரெமிஷன்: என்ன வித்தியாசம்?

இண்டூர்ல பஸ்ஸுக்கு நிக்கிறவர் போன்ல ‘விடுதலை’ன்னு பிரேக்கிங் வந்தா, உடனே கேப்பார்: “அப்போ தப்பே பண்ணலையா?” தலைப்புல இடம் பத்தாம நாங்க போடுற அந்த ஒரே வார்த்தைக்கு, ஆங்கிலத்தில் தனித்தனி வார்த்தைகள் இருக்கு.

உங்க மாவட்டத்து வழக்கையே பாருங்க. 2000 பிப்ரவரி 2, பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதா குற்றவாளி என்று தீர்ப்பு. இது கன்விக்‌ஷன். அதைக் கண்டித்து நடந்த போராட்டத்தில், தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் இருந்த பஸ்ஸுக்குத் தீ வைக்கப்பட்டது. 3 மாணவிகள் உயிரிழந்தனர்.

2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்தது. இதுதான் அக்விட்டல். குற்றவாளி என்ற தீர்ப்பே ரத்து.

பஸ் எரிப்பு வழக்கில் 3 பேருக்கு 2007-ல் தூக்கு தண்டனை. 2010-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனா 2016-ல் மறுஆய்வு மனுவில், திட்டமிட்டு செய்யல, கும்பல் வெறியில் நடந்ததுன்னு சொல்லி ஆயுள் தண்டனையா குறைச்சது. இப்படிக் குறைக்கிறதுதான் கம்யூட். கொலைக் குற்றம் அப்படியேதான் இருந்தது.

2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, ஆளுநர் ஒப்புதலோடு 3 பேரும் வெளியே வந்தாங்க. இது ரெமிஷன். மிச்ச தண்டனைதான் தள்ளுபடி, தீர்ப்பு இல்ல. இதுக்கும் தமிழ்ல நாம சொல்றது ‘விடுதலை’தான்.

பெயில்? அதுல வழக்கே இன்னும் முடியல.