காலையில் பிடித்த சரிவு மதியம் ஏன் வழுக்கியது?

காலை பத்து மணிக்கு அந்தச் சரிவில் மூன்று முறை இறங்கினேன். ஒருமுறைகூட விழவில்லை. மதியம் இரண்டரை மணிக்கு அதே சரிவில், அதே பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, அதே மாதிரிதான் இறங்கினேன். பாதி வழியில் கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. இடுப்பு தரையில் மோதியது. விழுந்த பிறகும் நிற்காமல் 20 மீட்டர் தூரம் வழுக்கிக்கொண்டே போனேன்.

மலை மாறவில்லை, நானும் மாறவில்லை. அப்படியானால் இடையில் மாறியது எது? அன்று எனக்குக் கிடைத்த விடையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

இடம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். டொராண்டோவிலிருந்து காரில் வடமேற்கே இரண்டு மணி நேரம் போனால் காலிங்வுட் என்ற ஊர் வரும். அதன் அருகே, ஜார்ஜியன் வளைகுடாவைப் பார்த்தபடி நீளமாக ஒரு பாறை மேடு நிற்கிறது. நயாகரா அருவி எந்தப் பாறை மேட்டிலிருந்து விழுகிறதோ, அதன் தொடர்ச்சிதான் இது. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 200 மீட்டருக்குச் சற்று அதிகமான உயர வித்தியாசம். பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை ஒன்டாரியோவில் 'குடும்ப நாள்' விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைத்துவிடுவதால் ஊரே திரண்டு மலைக்கு வந்துவிடும். நாங்களும் போனோம். என் அண்ணன் மகளுக்கு 11 வயது. ஆறு வயதிலிருந்து ஸ்கீ பழகுகிறாள். ஊரிலிருந்து போன எனக்கு அன்று அவள்தான் குரு.

ஒரு சொல்லை இங்கேயே பிரித்து வைத்துக்கொள்வோம். மார்கழி மாதப் புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் 'பனி'தான், இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் 'பனி'தான். சரிவில் இந்த ஒரு சொல் போதாது. துகள் துகளாகக் கிடப்பதைப் பனி என்றும், இறுகிப்போய்க் கண்ணாடிபோல் கெட்டியானதை ஐஸ் என்றும் சொல்கிறேன். இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஆனால் கால் வைத்தவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

காலையில் சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்டதுபோல் மெல்லிய கோடுகள் ஓடின. கால் வைத்தால் 'நறநற' என்று அமுங்கியது. "அத்தை, பீட்சா பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே என் மருமகள் முன்னால் போனாள். இங்கே ஸ்கீ பழகும் குழந்தைகள் எல்லாருக்கும் முதல் பாடம் இதுதான். இரண்டு பலகைகளின் முன்நுனிகளையும் நெருக்கமாக வைத்து, பின்நுனிகளை அகலமாக விரித்தால், ஒரு துண்டு பீட்சாவைப் போல முக்கோணம் வரும். அப்போது பலகைகளின் உள்விளிம்புகள் சாய்ந்து பனியை வாரித் தள்ளும். பனியைத் தள்ளுவதற்குச் சக்தி செலவாகிறது, வேகம் குறைகிறது. நன்றாகவே குறைந்தது. எனக்கு ஸ்கீ வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள். "ஐஸ் ஏன் அத்தை வழுக்குது? நம்ம எடை அழுத்துறதால உருகி தண்ணி ஆகுதாமே?"

நானும் பள்ளியில் இப்படித்தான் படித்தேன். ஐஸை அழுத்தினால் அதன் உருகுநிலை இறங்கும் என்பது உண்மையான விஷயம்தான். 1849-ஆம் ஆண்டு ஜேம்ஸ் தாம்சன் என்பவர் அதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். அவருடைய தம்பி வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், சோதனை செய்து உறுதிப்படுத்தினார். ஆனால் ஸ்கீயில் நிற்பவரின் எடை அதற்குப் போதுமா? ஒரு டிஷ்யூ தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

உடை, பூட்ஸ் எல்லாம் சேர்த்து அவள் எடை 40 கிலோ. பலகை ஒவ்வொன்றும் 140 செ.மீ. நீளம், சுமார் 8 செ.மீ. அகலம். இரண்டுக்கும் சேர்த்துப் பரப்பு 2,240 சதுர செ.மீ. 40 கிலோவை அதில் பங்கிட்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 18 கிராம்தான் வருகிறது! நம்மைச் சுற்றியுள்ள காற்றே ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. ஐஸின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க வேண்டுமென்றால், காற்றைப் போல 130 மடங்கு அழுத்தம் வேண்டும். அன்று வெளியே சுழியத்துக்குக் கீழே 8 டிகிரி. 18 கிராமை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"அப்போ தண்ணி எங்கிருந்து வருது?"

உரசலிலிருந்து வருகிறது. குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடாகிறதல்லவா, அதே சூடுதான். ஸ்கீ பனியில் உரசும் விசை, சறுக்குபவரின் எடையில் தோராயமாக இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவள் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், அந்த உரசலில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றைக் காலடியில் எரியவிட்டுக்கொண்டே போவதுபோல! அந்த வெப்பம் முழுவதும் உருக்குவதற்கே போனாலும் வினாடிக்கு 0.3 கிராம் தண்ணீர்தான் கிடைக்கும். ஆறு சொட்டு. அந்த ஆறு சொட்டு, துகள்களின் நுனிகளில் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகப் பரவினாலே வழுக்கப் போதும்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலைக் கணவாயில், ஐஸைக் குடைந்த குகைக்குள் அவர்கள் பல பொருள்களை வழுக்கவிட்டுப் பார்த்தார்கள். உலோகம் சரியாக வழுக்கவில்லை! உலோகம் வெப்பத்தைச் சட்டென்று கடத்திவிடும். உரசலில் பிறந்த சூடு ஐஸுக்குப் போகாமல் உலோகத்துக்குள் ஓடிவிடுகிறது. தண்ணீர் குறைகிறது, உரசல் கூடுகிறது. ஸ்கீயின் அடிப்பாகம் இன்று பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லதாயிற்று.

ஆனால் ஐஸின் மேல் வெறுமனே நின்றாலும் வழுக்குகிறதே? மைக்கேல் ஃபாரடே 1850-இல் இதைப் பற்றி யோசித்தார். மின்சார ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற அதே ஃபாரடேதான். இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். ஐஸின் மேற்பரப்பில் எப்போதுமே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதும் அது உறைந்து ஒட்டுகிறது என்றார். இன்று இன்னும் நுணுக்கமாகத் தெரியும். உள்ளே இருக்கும் நீர் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அக்கம்பக்கத்தார் பிடித்திருக்கிறார்கள். மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அது கேரம் பலகையில் தூவிய பவுடர்போல் அசைந்து உருண்டுகொண்டே இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐஸ் மிக நன்றாக வழுக்குவது சுழியத்துக்குக் கீழே 7 டிகிரியில் என்று அளந்து சொன்னது. அதைவிடச் சூடானால் ஐஸ் மென்மையாகிக் குழிந்துவிடும். மிகவும் குளிர்ந்தால் மேற்பரப்பு மூலக்கூறுகளும் அசையாமல் அடங்கிவிடும். துருவப் பகுதிக்குப் போனவர்கள், கடுங்குளிரில் பனி மணல்போல் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

7 டிகிரி! நாங்கள் இருந்தது 8 டிகிரியில். "இன்னிக்கு நல்லா வழுக்கும்னு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டே அவள் ஹெல்மெட்டை மாட்டினாள்.

மதியம் சரிவு வேறு மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் ஆட்கள். குறுக்கே போகிறவர்கள், விழுந்து எழுகிறவர்கள், நடுவில் நின்று அம்மாவைத் தேடும் குழந்தைகள். இந்த நெரிசலுக்கென்றே ஒரு விதி உண்டு. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் அவருக்கு ஆபத்து இல்லாத வழியைப் பார்த்துப் போக வேண்டும். இது நியாயமானது. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. அதோடு, மேலிருந்து வருபவரிடம் வேகம் இருக்கிறது. இரண்டு மாடி உயரம், அதாவது 6 மீட்டர் இறங்கினாலே, தடுக்காமல் விட்டால் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்குத் தேவையான தூரம் நான்கு மடங்காகும்.

என் முன்னால் ஒரு சின்னப் பையன் விழுந்து கிடந்தான். நான் பீட்சா பண்ணினேன். காலையில் கேட்ட 'நறநற' கேட்கவில்லை. தகரத்தில் ஆணி கீறுவதுபோல் 'கிர்ர்ர்' என்று வந்தது. வேகம் குறையவே இல்லை. பயத்தில் பின்பக்கம் சாய்ந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. பின்னால் சாய்ந்தால் எடை முழுக்கப் பலகையின் வாலுக்குப் போய்விடும். திருப்ப வேண்டிய முன்பாதி தரையைப் பிடிக்காமல் லேசாகிவிடும். எப்படியோ பக்கவாட்டில் திரும்பி விழுந்தேன். பையன்மேல் மோதவில்லை, அதுவே போதும். நான் போட்டிருந்த வழவழப்பான நைலான் மேலுடையும் ஸ்கீயைப் போலவே ஐஸில் வழுக்கியது. ஓரத்தில் ஒரு மேட்டில் 'பொத்'தென்று புதைந்தபோதுதான் நின்றேன்.

அந்த மேட்டில்தான் விடை இருந்தது. கையுறையால் அள்ளிப் பார்த்தேன். ரவைபோல் உருண்டை உருண்டையான பனித்துகள். காலையில் சரிவு முழுக்க விரிந்து கிடந்தது இதுதான்!

முந்தின வாரம் அங்கே மழை பெய்திருந்தது. பிறகு குளிர் திரும்பியதும் ஈரப்பனி முழுவதும் உறைந்து ஐஸாகிவிட்டது. இரவில் சங்கிலிப் பட்டைகளில் ஊர்ந்து போகும் பெரிய இயந்திரங்கள் வந்து அந்த ஐஸின் மேற்புறத்தைக் கிளறுகின்றன. டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதுபோலத்தான், சுழலும் பற்கள் ஐஸைப் பொடியாக்கி விரித்துவிடுகின்றன. நான் காலையில் பார்த்த கோடுகள் அந்த இயந்திரத்தின் கைவேலை. ஆனால் அந்தப் பொடியின் ஆழம் சில விரற்கடைதான். ஆயிரக்கணக்கான பலகைகள் நாள் முழுக்கப் பீட்சா பண்ணிப் பண்ணி, அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. அதில் என் பலகைகளும் உண்டு. நடுவில் மிஞ்சியது அடியிலிருந்த வெறும் ஐஸ். கூட்டம் சரிவை நிரப்பியது மட்டுமல்ல, சரிவையே சுரண்டி எடுத்துவிட்டது!

ஐஸில் பலகையின் அடிப்பாகம் உதவாது. விளிம்புதான் உதவும். ஸ்கீயின் இரண்டு ஓரங்களிலும் கூரான எஃகுப் பட்டை ஓடுகிறது. முன்பு முழுக்க மரத்தில்தான் ஸ்கீ செய்தார்கள். கெட்டிப் பனியில் மர விளிம்பு தேய்ந்து மழுங்கிவிடும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் விளிம்பில் எஃகு பொருத்தும் யோசனைக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். அந்தச் சிறிய பட்டை என்ன செய்யும்? நம் டிஷ்யூ தாள் கணக்குக்கே போவோம். 40 கிலோவும் ஒரே பலகையின் விளிம்பில், 2 மில்லிமீட்டர் அகலத்தில் நின்றால், சதுர செ.மீ.க்கு 1.4 கிலோ. 18 கிராம் எங்கே, 1.4 கிலோ எங்கே? அதே குழந்தை, 80 மடங்கு அழுத்தம். கூரான எஃகு ஐஸில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

என் மருமகள் எனக்குக் கீழே வந்து நின்றுகொண்டாள். "கீழ்ப்பக்கம் இருக்கிற கால்ல முழு எடையையும் வைங்க அத்தை. பயந்தா மேல்பக்கம் சாயணும்னு தோணும். சாயாதீங்க. முழங்காலை மலைப் பக்கம் தள்ளுங்க, விளிம்பு தானா கடிக்கும்."

பத்து முறை சொன்னாள். பதினோராவது முறை கடித்தது. காலடியில் ஏதோ ஒன்று 'பிடித்துக்கொண்டேன்' என்று சொல்வதுபோல் இருந்தது. பிறகு ஓரத்து ரவை மேடுகளை ஒட்டியே, குறுக்கும் நெடுக்குமாக, மிக மெதுவாக இறங்கினோம். பழகியவர்கள் மதியத்துக்கு மேல் நடுவை விட்டு ஓரமாகப் போவதை அப்போதுதான் கவனித்தேன்.

இருட்டத் தொடங்கியபோது கார் நிறுத்தத்தில் நின்று பார்த்தோம். இரண்டு விளக்குகள் மலைமேல் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. கிளறும் இயந்திரம் வேலைக்கு வந்துவிட்டது. சாவிக்காக மேலுடைப் பையில் கை விட்டேன். விழுந்தபோது உள்ளே புகுந்த பனித்துகள் அங்கே இன்னும் உருகாமல் கிடந்தது. எடுத்தபோது துகளாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி, எலுமிச்சை அளவில் ஒரே கட்டியாக வந்தது.

அவள் அதை வாங்கி, நகத்தால் தட்டிப் பார்த்தாள். 'டக்'கென்று சத்தம் வந்தது.

"அத்தை, ஃபாரடே சொன்னது உங்க பாக்கெட்லயே நடந்திருக்கு."