கொல்லிமலையில் கழுவப்பட்ட கால்கள்

தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு வருகிறவர்கள் சுப்பிரமணிய சிவாவின் மணிமண்டபத்தைப் பார்க்காமல் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் வ.உ.சி.யோடு சிறை சென்ற வீரர். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டு, 1923-ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து வந்து அடிக்கல் நாட்டியவர். ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய பாதங்கள்தான். சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவர் அவர். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டது ஆங்கில அரசு. அவர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில் கண்மூடியபோது வயது 41 கூட நிறையவில்லை.

நாடறிந்த தலைவருக்கே ரயில் கதவு சாத்தப்பட்டதென்றால், பெயர் தெரியாத ஏழை நோயாளி எந்த வாசலில் போய் நின்றிருப்பார்?

ஒரு வாசலைப் பற்றித் தெரியும். அது சேலத்துக்கும் தெற்கே, இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இருந்தது. சிவா இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, தொழுநோய் கண்ட மூன்று பேர் அங்கே குடியிருந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியின் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ஜெஸ்ஸி கையுறை மாட்டிக்கொண்டு அவர்களின் கால்களைக் கழுவி, மருந்து தடவிக் கட்டுப் போட்டார். மனைவி எவெலின் ஒரு கூடையில் பழங்கள் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடை எரிக்கப்பட்டது. பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். ஏழு வயது மகன் பால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த எரிந்த கூடையை மறைக்காமல் சொல்வதால்தான் இந்தக் கதையை நான் நம்புகிறேன். பயம் அவர்களுக்கும் இருந்தது. பயத்தோடுதான் தொட்டார்கள். பெரிய வியாழன் அன்று தேவாலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. சீடர்களின் கால்களை இயேசு கழுவியதன் நினைவு அது. அங்கே கழுவப்படும் கால்களில் சீழ் இருப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1918-19-ல் விஷக் காய்ச்சல் ஊர்களைச் சூறையாடியபோதும் இந்தத் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். மதம் பரப்ப வந்தவர்கள்தான், அதில் ஒளிவு மறைவு இல்லை. சுதேசியத்தை மூச்சாகக் கொண்ட சிவாவும் ஜெஸ்ஸியும் சந்தித்திருந்தால் காரசாரமாக வாதாடியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

1929-ல் மலைக்காய்ச்சல் முற்றி ஜெஸ்ஸி இறந்தார். படிக்க லண்டன் போயிருந்த பாலுக்குச் சாவுச் செய்திதான் முதலில் வந்தது. அப்பா எழுதிய கடிதம் கப்பலில் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அந்தப் பையன் அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடியில் வலி தாங்கவில்லை. அப்படியானால் இந்தக் கைக்குள் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன! அந்தத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது. கையைப் பிடிக்காமல் தள்ளி நின்று குறிப்பெழுதியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

இன்னொரு நாள், துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திறந்து கொடுத்தான். பெரியவருக்கே அசையாத பூட்டு. பார்த்தால் சாவி அவன் விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களே விரலைத் தின்கின்றன என்று பால் பிராண்ட் புரிந்துகொண்டார். தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது என்பதால், வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்! 1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனை வந்தது.

இன்றும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உணர்ச்சியில்லாத தேமல் தென்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். மாத்திரை இலவசம், ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும். போகத் தயங்குவதற்குக் காரணம் வெட்கம்தான்.

மகனைவிட என்னை அதிகம் வியக்க வைப்பவர் தாய். கணவர் போன பிறகு எவெலினை மிஷன் சமவெளியில் வேலைக்கு வைத்தது. 68 வயதில் ஓய்வு பெறச் சொன்னார்கள். இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார். வருஷம் முடிந்து வழியனுப்பு விழாவும் நடந்தபோது, மிஷனிலிருந்துதான் ஓய்வு, நான் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். பிடிவாதக்காரப் பாட்டி! கணவரும் அவரும் சேர்ந்து ஐந்து மலைத்தொடர்களுக்குச் சேவை செய்ய முடிவெடுத்திருந்தார்கள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. நம் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, சிட்லிங்கிப் பக்கத்து மக்களுக்குக் கல்வராயன் கண்ணெதிரே தெரிகிற மலை.

மட்டக்குதிரையில் ஏறியும், வயதான பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். நரம்புச் சிலந்திப் புழு அங்கே பெரும் தொல்லை. புண்ணுள்ள கால் தண்ணீரில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் கலந்துவிடும். அதைக் குடிக்கிறவர் உடம்பில் மறுபடி புழு வளரும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டி, யாரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சொல்ல எளிது, ஒவ்வோர் ஊரிலும் ஆளைச் சேர்த்துக் கட்ட வைப்பதற்கு ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து அந்தப் புழு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ல்தான். கொல்லிமலையில் பாட்டி அதை வெகுகாலம் முன்பே விரட்டியிருந்தார்.

கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. 1974 டிசம்பரில் இறந்தபோது வயது 95. சவப்பெட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.