உயரம் பாய்தலும் சமய வளர்ப்பும்

மெய்வல்லுநர் போட்டிகளுள் உயரம் பாய்தலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஓட்டப் பந்தயத்தில் முதல்வன் வெற்றிக் கோட்டோடு நின்றுவிடுகிறான். உயரம் பாய்தலிலோ கம்பு மேலும் மேலும் உயர்த்தப்படும். தொடர்ந்து மூன்று முறை தவறியவன் விலக வேண்டும். ஏனையோர் விலகிய பின்னர்த் தனித்து நிற்பவனும், தானாக நிறுத்திக்கொண்டாலன்றி, எட்டாத உயரமொன்றிற் கம்பைத் தட்டியே முடிப்பான். ஆகவே பொற்பதக்கம் பெறுபவனது இறுதிப் பாய்ச்சலும் பெரும்பாலும் தவறிய பாய்ச்சலேயாம். பிள்ளைகளைச் சமய நெறியில் வளர்க்க விழையும் பெற்றோர் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை இது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களம் புகுந்தார். இரு முறையும் பதக்கமின்றியே திரும்பினார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கையின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டினார். 1962இல் ஜக்கார்த்தாவில் அவர்க்குக் கிடைத்தது வெள்ளி. இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோர் தோக்கியோவை மட்டுமே சொல்கின்றனர். ஹெல்சிங்கியையும் மெல்பேணையும் சேர்த்துச் சொல்லுதலே முறை.

கலஹாப் பகுதித் தோட்டங்களுக்கு இதனால் யாது பயன் எனின், கூறுதும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் கலஹாவுக்கு அணித்தே உள்ளது. அக்காலந் தொட்டுப் பெரட்டுக்கு விரையும் தாய்க்குக் காலைப் பொழுது சொந்தமன்று. குழந்தை பிள்ளைக்காம்பராவில் வளர்கிறது; மாலையில் தாய் களைத்து வருகிறாள். ஆதலின் இல்லத்துச் சமய வாழ்வு பல லயங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு முன்னர் வைக்கும் நேர்த்திக்கடனுக்கும் சுருங்கிவிடுகிறது. இதற்காக அத்தாயைக் குறை கூறுதல் அறமாகாது. ஆயினும், சித்தியடைந்தால் அம்மன் தந்தாள் என்று பழகிய பிள்ளை, தவறியபோது என்ன எண்ணும்? அம்மன் கைவிட்டாள் என்றோ, தான் அவளருளுக்குத் தகுதியற்றவன் என்றோ அன்றோ எண்ணும்? பத்து வயது நெஞ்சில் விழும் இவ்வடு எளிதில் ஆறுவதன்று. பரீட்சை முடிவு வந்த நாளில், சித்தியாயினும் தவறாயினும், பிள்ளையை அழைத்துச்சென்று ஒரே வகையான விளக்கேற்றும் வீட்டில் இவ்வடு விழுவதில்லை.

இனி, கம்பு எவ்வுயரத்தில் தொடங்குகிறது என்பதையும் காண்க. எந்தப் பயிற்றுநரும் புதிய மாணவனுக்கு முதல் நாளே இரண்டு மீற்றரில் கம்பை வைப்பதில்லை. சைவ சமயமும் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிமுறையே வகுத்தது. கோயில் கூட்டுதலும் பூத்தொடுத்தலும் ஆகிய சரியை சிறுவனுக்கும் எட்டும் உயரம். கந்தசஷ்டி ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தி நோற்பாரும் உளர். ஒருபொழுது உண்டு நோற்பாரும் உளர். சிறுவனுக்கு ஒரு நாளில் ஒருவேளை உணவைத் தவிர்த்தலே போதிய தொடக்கம். முழு விரதத்தையும் வற்புறுத்தி, அவன் ஒளித்துத் தின்ன நேர்ந்தால், விரதத்தோடு பொய்யையும் கற்பித்தவராவோம்.

பயிற்றுநர் மாணவனுக்காகப் பாய முடியாது. ஓடிவரும் அடிகளை அளந்து குறித்துக் கொடுக்கலாம், அவ்வளவே. தந்தைக்கும் இது பொருந்தும். தாம் மது அருந்தி வந்து, மகனைத் தேவாரம் ஓதென அதட்டுவோர் நம்மிடையே இல்லாமலில்லை.

எனினும், களத்திற் பரிசு சிலர்க்கே. வழிபாட்டில் அவ்வரையறை இல்லை. நவராத்திரிக் காலத்துப் பண்ணிசைப் போட்டிகளில் முதன் மூவரைத் தேர்ந்தபின் ஏனைச் சிறாரை மறந்துவிடுகிறோம். பரிசு பெறாத பிள்ளைகளையே அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில் முன்னின்று பாடச் செய்யலாம். குரல் பிசகினும் எவரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.