தறி ஓடினால் பங்கு நிலைக்கும்

ஸ்காட்லாந்தில் கிராமத்துக் கோயில்களை விற்கிறார்கள். 1950களில் 13 லட்சம் பேர் இருந்த ஸ்காட்லாந்து திருச்சபையில், 2023 இறுதியில் 2.6 லட்சம் பேர்கூட இல்லை. கல்லால் கட்டிய கோயில்கள் பல, குடியிருப்புகளாகிவிட்டன. அவர்கள் சபை வேறு, எங்கள் சபை வேறு. ஆனாலும் கோவைக்கு அருகே, கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த எனக்கு அந்தச் செய்தி சுருக்கென்றது.

எங்கள் ஜெபமாலை மாதா கோயிலின் வேர் 17ஆம் நூற்றாண்டில், மைசூர் மிஷனின் இயேசு சபைக் குருக்களிடம் இருக்கிறது. திப்பு சுல்தான் காலத்தில் கோயில் இடிபட்டதாகப் பங்கு வரலாறு சொல்லும். சிதறிய சனம் திரும்பி வந்து மறுபடியும் எழுப்பியது.

1846 அக்டோபர் 4 அன்று, பிரான்சிலிருந்து வந்த மரியோன் பிரெசியாக் ஆயராக அபிஷேகம் பெற்றது இந்த ஊரில்தான். கோவைப் பகுதிக்குப் பொறுப்பேற்ற முதல் ஆயர் அவர். உள்ளூர்ப் பிள்ளைகள் குருக்களாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சாதி வழக்கங்களைத் திருச்சபை ஏற்பதா என்ற சர்ச்சையில் மனம் ஒப்பாமல் 1855இல் விலகினார். 1859இல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் இறந்தார். கோவையில் 1867இல் புனித மிக்கேல் பேராலயம் எழுந்தது; மறைமாவட்டத்தின் தலைமை நகரத்துக்குப் போனது. பிரெசியாக்கின் பிடிவாதம் பலித்தது; இன்று இந்தியக் குருக்கள் ஐரோப்பியக் கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போகிறார்கள்!

அக்டோபர் தேர்பவனிக்குக் கூட்டம் குறையவில்லை. கோயிலுக்குப் பசிலிக்கா பட்டமும் வந்துவிட்டது. ஆனால் பங்கை நடத்துவது ஞாயிறுதோறும் வருகிற பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களில் பலருக்குச் சோறு போட்டது விசைத்தறி. எனக்கும் அதுதான்.

உற்பத்தியாளர் தரும் பாவு நூலைக் கூலிக்குத் துணியாக்கித் தருகிறோம். மின்கட்டணம் ஏறுகிறது. கூலி உயர்வோ வேலைநிறுத்தம் செய்து, பேசி முடித்த பிறகும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. தறியை எடைக்குப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிள்ளைகள் சரவணம்பட்டி கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள்.

காலியான லைன் வீடுகளுக்கு வடமாநிலத்தார் வருகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. அவர்களுக்கு இந்தியில் பூசை வேண்டும், பங்குப் பேரவையில் இடமும் வேண்டும் என்பது என் கட்சி.

"அவங்க நாளைக்கே ஊருக்குப் போயிருவாங்க, மாப்ள" என்கிறார் மாமா.

"நம்ம பசங்க மட்டும் இங்கயே இருக்கறாங்களாங்க, மாமா?" என்றேன்.